ஒருவனுக்கென்று இழைத்த பலகை

அண்மையில் சிட்னி நகரில் என் தம்பியின் வீட்டில் ஒரு மாத காலம் தங்கியிருந்தேன். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பத்திரிகை அலுவலகக் கதிரைகளில் உட்கார்ந்து பழகிய இந்த உடம்பை நீரின்மேல் ஒரு பலகையில் நிறுத்திப் பார்க்கும் விபரீதம் அங்கேதான் நிகழ்ந்தது. ஆசை என்னுடையதன்று, தம்பியின் மகனுடையது.

அவன் அங்கேயே வளர்ந்தவன். நின்றபடி துடுப்பிடும் அலைச்சறுக்குப் பலகை ஒன்றை வைத்திருக்கிறான். வழமையான அலைச்சறுக்குப் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் நீரை வலித்துச் சென்று, அலை தூக்கும் கணத்தில் எழுந்து நிற்பார்கள். இதிலோ தொடக்கம் முதலே நின்றபடி, ஆளுயரத்திலும் சற்று நீண்ட ஒற்றைத் துடுப்பால் வலித்துச் சென்று அலையைப் பிடிக்கிறார்கள். கடையில் வாங்கிய பலகையொன்றைச் சில ஆண்டுகள் பாவித்தபின், தன் உடலளவுக்கென்றே பலகை இழைப்பவர் ஒருவரிடம் சொல்லிப் புதியதொன்றைச் செய்வித்திருந்தான். சட்டை தைக்கக் கொடுப்பதுபோல அவனுடைய நிறை, உயரம், எந்தக் காலை முன்வைத்து நிற்கிறான், எந்தக் கரையில் எத்தகைய அலையை நாடுகிறான் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டுதான் அந்த மனிதர் வேலையைத் தொடங்கினாராம்.

“அளவெடுத்துச் செய்த பலகையென்றால் ஏறியவுடனேயே பொருந்தியிருக்குமே?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். “இல்லைப் பெரியப்பா. முதல் மூன்று கிழமை நான் விழுந்தபடிதான். அதைச் செய்தவரே சொன்னவர், உடனே திருப்பிக் கொண்டு வராதை, அது உனக்குப் பழகட்டும் எண்டு.”

பலகை மனிதனுக்குப் பழகுவதா, மனிதன் பலகைக்குப் பழகுவதா? அந்தக் கேள்விதான் இக்கட்டுரையை எழுதவைத்தது.

களப்பில் கற்ற கணக்கு

பெருங்கடலில் என்னை இறக்க அவனுக்குத் துணிவில்லை. நகரின் வடபுறத்துக் கரையோரமாக உள்ள நரபீன் களப்புக்கு அழைத்துச் சென்றான். காற்றில்லாத காலை. நீர் கண்ணாடிபோல் கிடந்தது. பலகையில் முழந்தாளிட்டு ஏறி, மெல்ல எழுந்து, நிமிர்வதற்கு முன்னரே நீருக்குள் இருந்தேன். இரண்டாம் முறையும் அவ்வாறே. மூன்றாம் முறை ஐந்து விநாடி நின்றிருப்பேன்.

வீடு திரும்பியதும் ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினான். பலகையின் நீளம் 8 அடி 6 அங்குலம். அகலம் 29 அங்குலம். கொள்ளளவு 110 லீற்றர்; அதாவது, ஏறத்தாழ 110 கிலோவை அது மிதக்க வைக்கும். அவன் நிறை 70 கிலோ, பலகையின் நிறை 8 கிலோ. ஆக, அவன் ஏறி நிற்கும்போது 32 கிலோ தாங்குதிறன் மிச்சம் இருக்கிறது. நானோ 86 கிலோ. எனக்கு எஞ்சுவது வெறும் 16. அவனுடைய பழைய பலகை 32 அங்குல அகலமானது. மூன்று அங்குலந்தானே குறைவு என்று எண்ணலாம். பக்கவாட்டுத் தள்ளாட்டத்தை அடக்குவது அந்த அகலமே. அதைக் குறைத்தால் பலகை அலையில் விரைந்து திரும்பும். ஆனால் நிற்பவனின் சிறு பிழையையும் பொறுக்காது.

அளவெடுத்துச் செய்த பலகை இலகுவான பலகையன்று. ஒருவன் தேர்ச்சி பெற்றபின் எப்படி நிற்பானோ, அந்த மனிதனை முன்கூட்டியே மனத்தில் வைத்து இழைக்கப்படுவது. அந்த மனிதனாக மாறும் வரை அவன் விழுந்துகொண்டேயிருக்க வேண்டியதுதான்.

“காலைப் பார்க்காதேங்கோ பெரியப்பா, தூரத்தைப் பாருங்கோ. துடுப்பைத் தண்ணிக்குள்ளை வைச்சிருங்கோ, அது மூண்டாங்கால்” என்று நாள்தோறும் சொல்லிக்கொண்டிருந்தான். நெடுநாளாக மனிதருக்கு அறிவுரை எழுதியே பிழைத்தவன் நான். அறிவுரை கேட்டு நடப்பது எவ்வளவு கடினம் என்பதை அக்களப்பில் அறிந்தேன்.

மரத்துக்கு முன் ஒரு மீன்

பலகையை ஒருவனுடைய அளவுக்கு இழைப்பது இக்காலத்துச் செல்வந்தரின் சொகுசு என்றுதான் முதலில் எண்ணினேன். வரலாறு அப்படிச் சொல்லவில்லை. ஹவாய்த் தீவுகளில் இக்கலை தோன்றியபோது எல்லாப் பலகைகளுமே ஒருவருக்கென்று செய்யப்பட்டவைதான்.

பசிபிக் பெருங்கடலின் பொலினீசிய மக்கள் பலரும் அலைமேல் விளையாடியவர்களே. ஆயினும் நீண்ட பலகைமீது எழுந்து நின்று சவாரி செய்யும் கலையை உச்சத்துக்குக் கொண்டுசென்றவர்கள் ஹவாய் மக்கள். அவர்கள் மொழியில் அதன் பெயர் ‘ஹெஎ நாலு’. கப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பல்கள் 1778 ஜனவரியில் அத்தீவுகளை அடைந்தன. மறு ஆண்டு பெப்ரவரி 14ஆம் திகதி கியாலகேகுவா குடாவில் நடந்த மோதலில் குக் கொல்லப்பட்டார். அவருடன் சென்ற ஜேம்ஸ் கிங் என்ற அதிகாரி அக்குடாவில் தான் கண்ட அலைச்சவாரியைக் குறிப்பேட்டில் விவரித்தார். ஐரோப்பியர் அஞ்சி ஒதுங்கிய கரையுடைப்பு அலைகளில் அம்மக்கள் களித்து விளையாடியது அவரை வியக்க வைத்தது.

பலகைகள் பலவகை. ‘ஓலோ’ என்பது மிக நீண்டது, தடித்தது. 15 அடியைத் தாண்டுவதுமுண்டு. பெருந்தலைவர்களுக்கு உரியதாகக் கருதப்பட்டது. அதை ‘விலிவிலி’ என்னும் இலேசான மரத்தில் செய்தார்கள். இந்த விலிவிலி, யாழ்ப்பாணத்தில் வேலியிலும் கல்யாண வீட்டுக் கன்னிக்காலாகவும் நாம் நடும் முள்முருங்கையின் இனத்தைச் சேர்ந்தது. ‘அலாயா’ என்பது குறுகிய, மெல்லிய பலகை. தலைவரும் குடிமக்களும் ஆணும் பெண்ணும் அதைப் பாவித்தனர். அது ‘கோவா’ மரத்தில் அல்லது நாம் கறி சமைக்கும் ஈரப்பலாவின் மரத்தில் செய்யப்பட்டது.

ஹொனலுலுவில் தோமஸ் திரம் என்பவர் ஆண்டுதோறும் வெளியிட்ட பஞ்சாங்க நூலின் 1896ஆம் ஆண்டு இதழில், பலகை செய்யும் முறை பற்றி ஒரு விரிவான கட்டுரை உள்ளது. மரத்தைத் தேர்ந்தெடுத்தவர் அதன் அடியில் செந்நிற மீனொன்றைப் படைத்த பின்னரே மரத்தை வீழ்த்துவார். வேரிருந்த குழியில் மீனை இட்டு மந்திரம் சொல்வார். கல் வாய்ச்சியால் செதுக்கி வேண்டிய அளவுக்குக் கொண்டுவந்து, பவளப்பாறைத் துண்டுகளாலும் உரோஞ்சு கற்களாலும் தேய்த்து வழவழப்பாக்குவார். கரியாலும் தாவரச் சாயங்களாலும் கறுப்பேற்றி எண்ணெய் பூசுவார். பாவித்து முடிந்த ஒவ்வொரு தடவையும் பலகையை வெயிலில் உலர்த்தி, தேங்காயெண்ணெய் பூசி, மரப்பட்டைத் துணியில் சுற்றி வீட்டுக்குள் தொங்கவிடுவார்கள். ஒரு விளையாட்டுப் பொருளை எந்த மக்களும் இவ்வளவு பேணமாட்டார்கள். அது உடம்பின் நீட்சியாகவே கருதப்பட்டது.

மக்கள் தேய்ந்தபோது

1820இல் அமெரிக்கப் புரட்டஸ்தாந்து மிஷனரிமார் வந்திறங்கினர். அவர்களே அலைச்சறுக்கைத் தடைசெய்து அழித்தனர் என்று பல நூல்கள் எழுதிவிட்டுச் செல்கின்றன. அவர்கள் அதை விரும்பவில்லை என்பது மெய்யே. ஆனால் அதனிலும் பெரிய காரணம் சாவு. வெளியிலிருந்து வந்த நோய்களுக்கு எதிர்ப்புச் சக்தியற்ற அம்மக்கள் ஆயிரமாயிரமாக மடிந்தனர். குக் வந்தபோது சில இலட்சம் என்று மதிப்பிடப்படும் ஹவாய்க் குடிகள், கலப்பினத்தவரையும் சேர்த்து 1890இல் ஏறத்தாழ 40,000 பேராகக் குறைந்திருந்தனர். பலகை செய்பவன் மகனுக்குச் சொல்லிக்கொடுக்கு முன்னரே இறந்தான். கற்க வேண்டிய மகனும் இறந்தான். ஒரு கலை அழிவதற்குத் தடைச்சட்டம் தேவையில்லை.

ஆயினும் அது முற்றாக அழியவில்லை. ஹவாய் வரலாற்றாசிரியர் ஐசாயா வாக்கர் 2011இல் வெளியிட்ட தமது நூலில், அலைகள் என்றும் தம் மக்களின் கையைவிட்டுப் போகவில்லை என்று வாதிடுகிறார். அதற்கு நல்லதொரு சான்று 1885ஆம் ஆண்டு நிகழ்ச்சி. கலிபோர்ணியாவில் படித்துக்கொண்டிருந்த டேவிட் கவானனகோவா, எட்வேர்ட் கேலியாஹொனுயி, ஜோனா கூகியோ ஆகிய மூன்று ஹவாய் இளவரசர்கள் அவ்வாண்டு ஜூலையில் சாந்த குரூஸ் நகரின் ஆற்று முகத்துவாரத்தில் அலைச்சறுக்கினர். ஊரிலிருந்து பலகை கொண்டுவரவில்லை. அங்கு கிடைத்த செம்மரத்தை வாங்கி, தங்கள் நாட்டு ஓலோப் பலகையின் வடிவிலே இழைப்பித்துக்கொண்டனர். அமெரிக்கப் பெருநிலத்தில் அலைச்சறுக்கு நடந்ததாகப் பதிவான முதல் நிகழ்ச்சி இதுவே.

மரம் அந்நியம். கடல் அந்நியம். வடிவம் மட்டும் அவர்கள் நினைவிலிருந்து வந்தது. நாட்டை இழந்தவர்கள் எதைக் காவிச் செல்லலாம் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டை நான் அறியேன். எட்டே ஆண்டுகளில், 1893இல், அவர்களுடைய அரசு கவிழ்க்கப்பட்டது. 1898இல் ஐக்கிய அமெரிக்கா அத்தீவுகளைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது.

சிட்னியில் ஒரு பைன் பலகை

அரசு கவிழ்வதற்கு மூன்று ஆண்டுகள் முன்னர், 1890இல், ஹொனலுலுவில் பிறந்தவர் டியூக் கஹானமோகு. 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீற்றர் நீச்சலில் தங்கம் வென்றார். ஐக்கிய அமெரிக்காவின் பெயரிலேயே வென்றார். நீச்சற் போட்டிகளுக்காக அவுஸ்திரேலியா வந்திருந்த அவரை அலைச்சறுக்கிக் காட்டும்படி கேட்டார்கள். அவரிடம் பலகை இல்லை. உள்ளூர் மரக்காலையிலிருந்து பெற்ற பைன் மரத்தில் தாமே ஒரு பலகையை இழைத்தெடுத்தார். 1914 டிசம்பரிலும் 1915 ஜனவரியிலும் சிட்னியின் பிரெஷ்வோட்டர் கடற்கரையில் கூட்டம் பார்த்திருக்க அலைமேல் நின்றார். இசபெல் லெதம் என்ற 15 வயது அவுஸ்திரேலியச் சிறுமியையும் தம் பலகையில் ஏற்றி அலையில் வந்தார்.

அந்தப் பலகை இன்றும் பிரெஷ்வோட்டர் உயிர்காப்போர் கழகத்தில் பேணப்படுகிறது. தம்பி மகன் ஒரு பிற்பகல் என்னை அக்கரைக்கு அழைத்துச் சென்றான். மேட்டில் டியூக்கின் சிலை கடலைப் பார்த்து நிற்கிறது. ஒரு நூற்றாண்டுக்கு முன் தன் உயரத்துக்கும் நிறைக்கும் ஏற்றவாறு ஒரு மனிதன் செதுக்கிய மரத்துண்டை ஓர் ஊர் மக்கள் தங்கள் சொத்தாகக் காக்கிறார்கள். அது அவர்கள் முன்னோர் செய்ததுமன்று, விருந்தினர் ஒருவர் விட்டுச் சென்றது.

தொழிற்சாலை கொண்டதும் கொடுத்ததும்

அடுத்து வந்தவர்கள் நிறையைக் குறைக்கப் பாடுபட்டார்கள். அமெரிக்கரான ரொம் பிளேக் 1920களில் ஹொனலுலு பிஷப் நூதனசாலையிலிருந்த பழைய ஓலோப் பலகைகளைச் செப்பனிட்டார். அவை அபுனெர் பாகி என்னும் பெருந்தலைவருடையவை. அவற்றைத் தொட்டு அறிந்ததன் பயனாக, உள்ளே வெற்றிடமுள்ள பலகையைப் படைத்து, 1932இல் அதற்கான காப்புரிமையும் பெற்றார். 1935இல் பலகையின் அடியில் செட்டை பொருத்தியவரும் அவரே. இரண்டாம் உலகப் போரின் பின் பல்சா மரமும் பைபர்கிளாசும் வந்தன. 1958இல் கலிபோர்ணியாவில் ஹோபி ஓல்ட்டர், கோர்டன் கிளார்க் ஆகிய இருவரும் பொலியூரித்தேன் நுரையில் பலகை செய்யும் முறையைக் கைவரப் பெற்றனர். மரத்தின் நரம்பு பார்த்துச் செதுக்கும் காலம் முடிந்தது. நுரைக் கட்டியை வாங்கிச் சீவுளியால் இழைத்து, மேலே கண்ணாடி நாரும் றெசினும் பூசினால் பலகை தயார்.

கிளார்க்கின் நிறுவனமே அமெரிக்காவின் பெரும்பாலான இழைப்பாளருக்கு நுரைக் கட்டிகளை வழங்கிவந்தது. 2005 டிசம்பர் 5ஆம் திகதி அவர் எவ்வித முன்னறிவித்தலுமின்றி அதை மூடிவிட்டார். கைத்தொழில் என்று பெருமைப்பட்டவர்கள் எல்லோரும் ஒரே வாசலில் காத்திருந்தது அன்றுதான் வெளிச்சத்துக்கு வந்தது. சில ஆண்டுகளில் ஆசியத் தொழிற்சாலைகளில் அச்சில் வார்த்த பலகைகள் சந்தையை நிரப்பின.

அவை மலிவு. புதியவர்க்கு அவையே ஏற்றவை என்பதையும் சொல்லவேண்டும். என்னைப் போன்றவன் ஏறினாலும் பொறுத்துக்கொள்வது அந்தப் பொதுப் பலகைதான். ஆனால் அதில் நிற்பவன் யார் என்று எவரும் கேட்பதில்லை. நெடுநாள் பழகியவன் மீண்டும் ஓர் இழைப்பாளரைத் தேடிப்போய், “எனக்கென்று ஒன்று செய்து தாருங்கள்” என்று கேட்பது அதனால்தான்.

துடுப்பு யாருக்குச் சொந்தம்?

துடுப்போடு நிற்கும் முறையும் ஹவாயில் பிறந்ததே. வைகிகி கடற்கரையில் உல்லாசப் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பித்த உள்ளூர் இளைஞர்கள், நீண்ட பலகைகளில் துடுப்போடு நின்றபடி மாணாக்கரைக் கண்காணித்தனர். வரும் அலையைத் தூரத்திலேயே கண்டனர். கழுத்தில் தொங்கிய கமராவால் படமெடுத்தனர். அவர்களுள் ஒருவரான பொபி ஆ சோய் விபத்தொன்றில் காயமுற்றதால் படுத்து வலிக்க முடியாமல் நின்றபடியே கடலுக்குச் சென்றார் என்று சொல்வார்கள். 1990களின் பிற்பகுதியில் மௌயி தீவில் லெயர்ட் ஹமில்ரனும் டேவ் கலாமாவும் அந்த முறையைப் பெரிய அலைகளுக்குக் கொண்டுசென்றனர். 2000களில் அது உலகெங்கும் பரவியது.

பரவியதும் உரிமை வழக்கு வந்தது. பலகையில் நிற்பதால் இது அலைச்சறுக்கு என்றது சர்வதேச அலைச்சறுக்குச் சங்கம். துடுப்பு இருப்பதால் ஓடவோட்டம் என்றது சர்வதேச ஓடச் சம்மேளனம். 2020 ஓகஸ்ற்றில் சுவிற்சர்லாந்திலுள்ள விளையாட்டுத்துறை நடுவர் தீர்ப்பாயம், ஒலிம்பிக் மட்டத்தில் இதை நிர்வகிக்கும் உரிமை அலைச்சறுக்குச் சங்கத்துக்கே என்று தீர்த்தது. வழக்காடிய இரு தரப்பும் உலக அமைப்புகள். இக்கலையைப் பெற்றெடுத்த ஹவாய் மக்கள் அதில் ஒரு தரப்பே அல்லர்.

ஆயினும் அவர்களிடம் ஒன்று மிஞ்சியிருக்கிறது. ‘ஹோஎ ஹெஎ நாலு’ என்று இதற்கு அவர்கள் மொழியில் பெயர் உண்டு. பாகியின் ஓலோவும் சாந்த குரூஸ் செம்மரப் பலகைகளும் பிஷப் நூதனசாலையில் உள்ளன. மரம், மீன், மந்திரம், எண்ணெய் யாவும் எழுத்தில் உள்ளன. அதனால் 2021இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் அலைச்சறுக்கு முதன்முறையாக இடம்பெற்று, ஹவாய்ப் பெண் கரிசா மூர் தங்கம் வென்றபோது, அவர் அமெரிக்க அணியில் நின்றிருந்தாலும் அது யாருடைய கலை என்பதில் எவருக்கும் ஐயமிருக்கவில்லை.

பெயரைக் கொடுத்தவர்கள்

இவ்விடத்தில் சில வாசகர்கள் காத்திருப்பார்கள் என்பது தெரியும். “நின்று துடுப்பிடும் பலகையை முதலில் கண்டவன் தமிழனே, அதுதான் நம் கட்டுமரம்” என்று நான் எழுதவேண்டும். மன்னிக்கவேண்டும். அப்படி எழுதமாட்டேன். பெருநாட்டின் வடகரையில், ஹுவன்சாகோ ஊர் மீனவர் நாணற் கட்டுகளில் ஏறி அலை கடக்கின்றனர். இஸ்ரேலியக் கரைகளில் உயிர்காப்போர் ‘ஹசாகே’ என்ற பலகையில் நின்று துடுப்பு வலிக்கின்றனர். அலை உடையும் கரையில் வாழும் மக்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்யாமலே, ஒத்த விடைகளைக் கண்டிருக்கின்றனர். கட்டுமரமும் அத்தகைய விடைகளில் ஒன்று. அவ்வளவே.

அந்த விடை எத்தகையது என்பதில் பெருமைப்பட இடமுண்டு. சில மரங்களை முனை கூராகச் செதுக்கிக் கயிற்றால் கட்டினால் கலம் ஆயிற்று. ஏறிய அலை இடுக்கு வழியே தானாக வடிந்துவிடும். மூழ்குவதற்கு அதில் உட்குழிவே இல்லை. கரைக்கு வந்ததும் கட்டவிழ்த்து மரங்களை வெயிலில் உலர்த்துவார்கள். துறைமுகம் கட்டப்படுவதற்கு முன், கப்பல்களின் படகுகள் நெருங்க அஞ்சிய சென்னைக் கரையில், நங்கூரமிட்ட கப்பல்களுக்குக் கடிதம் கொண்டுபோனவர்கள் கட்டுமரக்காரர்களே. நனையாதபடி கூம்புத் தொப்பிக்குள் கடிதங்களைச் செருகிக்கொண்டு போவார்களாம்.

கடலோடி வில்லியம் டம்பியர் 1697இல் வெளியிட்ட பயண நூல் மூலம் அச்சொல் ஆங்கிலத்தில் ஏறியது. பின்னர் அதன் பொருள் மாறியது. 1876இல் அமெரிக்கரான நதானியேல் ஹெரஷொவ் கட்டியது போன்ற இரட்டை உடற் படகுகளுக்கு அப்பெயர் நிலைத்துவிட்டது. நுரைப் பலகையை உலகுக்குத் தந்த ஹோபி ஓல்ட்டர் இருக்கிறாரே, அவரே 1960களின் இறுதியில் கடற்கரையிலிருந்து தள்ளிச் செல்லும் சிறிய இரட்டை உடற் பாய்ப்படகைச் செய்து உலகெங்கும் விற்றவர். அந்த இரட்டை உடல் பொலினீசியரின் கலைமரபு. பெயரோ தமிழ். ஹவாய் மக்களின் பலகையும் நம் சொல்லும் ஒரே மனிதரின் பட்டறையில் சந்தித்துக்கொண்டன. அவர்களுடையது வரலாற்றோடு போய்ச் சேர்ந்தது. நம்முடையது வெறும் ஒலியாகப் போய்ச் சேர்ந்தது.

நான் கேளாத கேள்வி

1980களின் நடுப்பகுதி முதல் வடகடலில் மீன்பிடித் தடைகள் வந்தன, தளர்ந்தன, மீண்டும் வந்தன. அவற்றைப் பற்றி நான் எழுதிய செய்திகளுக்குக் கணக்கில்லை. 1990களில் ஒரு நாள், வடமராட்சிக் கரையொன்றில், வயதான மீனவர் ஒருவரைச் செவ்வி காணப் போயிருந்தேன். இயந்திரப் படகுக்கு அனுமதியில்லாத காலம். அவர் மணலில் அமர்ந்து வாய்ச்சியால் ஒரு தெப்பமரத்தைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவ்வப்போது எழுந்து மரத்தின்மேல் ஏறி நிற்பார். ஒரு காலில் பாரம் கொடுத்துப் பார்ப்பார். இறங்கி, மீண்டும் ஓரிடத்தில் சிறிது செதுக்குவார். “ஏன் ஐயா ஏறி ஏறி இறங்குகிறீர்கள்?” என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. பாஸ் நடைமுறை பற்றியும் நட்டக் கணக்குப் பற்றியும் கேட்டு எழுதிக்கொண்டு சைக்கிளில் திரும்பிவிட்டேன். செய்தி மறுநாள் முதற் பக்கத்தில் வந்தது.

நரபீன் களப்பில் பதினேழாவதோ பதினெட்டாவதோ முறை விழுந்து எழுந்தபோதுதான் அந்தக் காட்சி என் கண்முன் வந்தது. அம்முதியவர் தன் உடம்புக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தார். நாடாவும் தாளும் இல்லாமல், தன் பாதத்தாலேயே அளந்துகொண்டிருந்தார். என் பெறாமகனின் பலகையைச் செய்தவர் செய்த அதே வேலை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலையின் பின், உதவி நிறுவனங்கள் இரு நாட்டுக் கரைகளிலும் பைபர்கிளாஸ் படகுகளை வழங்கின. அதற்கு முன்னரே தொடங்கிய மாற்றம் அத்துடன் விரைவுபட்டது. அதைக் குறைகூற நான் யார்? ஈர மரத்தில் இடுப்பளவு நனைந்து உயிரைப் பணயம் வைத்தவனிடம், “பழைமை கெடாமல் அதிலேயே இரு” என்று சொல்லும் உரிமை கதிரையில் இருந்து எழுதுபவனுக்கு இல்லை. ஆனால் படகு மாறுவது வேறு, அறிவு மறைவது வேறு. சென்னை மாகாண மீன்பிடித் திணைக்களத்தில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹோர்னெல் என்ற ஆங்கிலேயர் நம் கரைக் கலங்களை ஆராய்ந்து 1920இல் நூலாக்கினார். அன்னியர் ஒருவர் எழுதிவைத்தது அது. செதுக்கியவனிடமே மரத்தின் பெயரும், வெட்டும் காலமும், கட்டின் வகையும், எந்த உடம்புக்கு எந்த அகலம் என்ற கணக்கும் கேட்டுத் தமிழில் எழுதவேண்டியவர்கள் என்னைப் போன்றவர்கள். நாங்கள் நட்டக் கணக்கை மட்டும் எழுதினோம்.

நான்காவது கிழமையில் ஒரு காலை, நான் நின்றேன். எப்படி நின்றேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கணுக்கால் தானாக இசைந்தது. கண் அக்கரை மரங்களில் இருந்தது. துடுப்பை ஒரு பக்கம் ஆறு முறை, மறுபக்கம் ஆறு முறை வலித்தேன். நூறு மீற்றராவது போயிருப்பேன். கரையிலிருந்து தம்பி மகன் கைதட்டினான். அந்தப் பலகை எனக்கென்று இழைத்ததன்று என்பதால், அது என்னைப் பொறுத்துக்கொண்டது என்றே சொல்லவேண்டும்.

ஊர் திரும்பியதும் வடமராட்சிக்குப் போனேன். நான் செவ்வி கண்ட முதியவர் காலமாகி ஆண்டுகள் பலவாகிவிட்டன. அவருடைய மகன் பைபர்கிளாஸ் படகில் தொழில் செய்கிறார். கொட்டில் பின்புறத்தில், கோழிக்கூட்டுக்கு முண்டாக, ஒரு தெப்பமரம் கிடந்தது. அளவு நாடாவை எடுத்தேன். மகன் வியப்போடு பார்த்தார். “அப்பு இதிலை எப்படி நிண்டவர் எண்டு உங்களுக்கு ஞாபகம் இருக்கே தம்பி?” என்று கேட்டேன்.

அவர் சற்று யோசித்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த மரத்தின்மேல் ஏறி நின்று காட்டினார்.

இம்முறை குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.